ஐந்தாம் மாடியின் அறுபத்திரண்டு அடி

மாலை ஆறே முக்கால். ஊருக்கு வெளியே, புறவழிச் சாலையிலிருந்து புது அலுவலகக் கட்டடங்கள் பக்கம் பிரிகிற ரோடு. இரண்டு கிலோமீட்டர் நீளம். விளக்குக் கம்பம் நட்டு வைத்திருந்தார்கள்... விளக்கு மாட்டவில்லை. நல்ல மழை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. ஒரே ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டிக்கொண்டு போனவர் என் தோழியின் அண்ணன்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜெனரேட்டர் மெக்கானிக் இந்த மழையில் ஒரு மணி நேரத்துக்கு வரமாட்டார். லிஃப்ட் இல்லை, லைட் இல்லை, காலையில் சாவி கொடுக்க வேண்டிய மூன்றாவது மாடி அப்படியே கிடக்கிறது. டிரைவரே, அந்த எமர்ஜென்சி லைட்டைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள், கண் கூசுகிறது. ஒரு மாடியை அளக்க எதற்கு எப்போதும் மூன்று பேர், இரண்டு பேர் போதாதா என்று கேட்டீர்கள். அக்காவுக்கு வேற வேலை இல்ல என்று ஒருத்தி முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. விழாமல் என்ன? அதற்காகத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் முணுமுணுங்கள்.

இது என் கண்ணால் பார்த்தது இல்லை. தோழி சொன்னது. அவள் கதை கட்டுகிற ஆள் இல்லை. அவளுக்குக் கற்பனை என்பதே கிடையாது, அதனால்தான் வரி ஆபீஸில் பதினெட்டு வருஷமாக நிம்மதியாக இருக்கிறாள்.

அண்ணனுக்கும் நம் தொழில்தான். அலுவலக இடம் வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பது. எல்லோரும் அவரை இஞ்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு இஞ்ச் கூட விட்டுக்கொடுக்க மாட்டார், அதனால். பில்டர் அச்சடித்துக் கொடுக்கிற நோட்டீஸில் போட்டிருக்கும் அளவு உங்களுக்குத் தெரியும்... அதில் படிக்கட்டு சேரும், லிஃப்ட் சேரும், பக்கத்து மரத்து நிழலும் சேரும். அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தரையில் நிஜமாகக் கால் வைக்கிற இடத்தைத் தானே அளப்பார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளுக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை. வாடகைக்கு வருகிறவர்கள், "இஞ்ச் கையெழுத்து இருக்கா? அப்ப சரி" என்று மறுபேச்சு இல்லாமல் ஒப்பந்தத்தை முடிப்பார்கள். அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கையெழுத்துதான். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வாராம்.

தனியாக அளக்க முடியாது, இல்லையா? அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பவுடர். வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, கைக்குட்டையில் முகப்பவுடரைக் கொட்டிப் பூசிக்கொள்வான். அதனால் பவுடர். பேசுகிறது எல்லாம் பவுடர், அளக்கிறது எல்லாம் இஞ்ச். பதினான்கு வருஷம். ஒருத்தன் வீட்டு விசேஷம் இன்னொருத்தன் வீட்டு விசேஷம். அண்ணனின் பெண்ணுக்குப் பவுடர் சித்தப்பா.

அவர்கள் அளக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நாம் லேசர் வைத்திருக்கிறோம், சிவப்புப் புள்ளி அடிக்கிறது, நம்பர் வருகிறது. ஆனால் வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் அந்தப் புள்ளி கண்ணாடியைத் தாண்டி வெளியே போய்விடும், நம்பர் தாறுமாறாக வரும். அதனால் கண்ணாடிக் கட்டடம் என்றால் பழைய நூறடி டேப்தான். ஒருவர் டேப்பின் முனை வளையத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, "புடிச்சிட்டேன்" என்று குரல் கொடுப்பார். இன்னொருவர் எதிர்ச் சுவர் வரை இழுத்துப் படிப்பார். பிடிக்கிறவருக்கு நம்பர் தெரியாது. படிக்கிறவருக்கு முனை தெரியாது. தாளில் இரண்டு கையெழுத்து... அளந்தவர், பிடித்தவர். அளந்தவர் எப்போதும் அண்ணன். பிடித்தவர் எப்போதும் பவுடர். முனை சரியாகத்தான் இருக்கிறதா என்று பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அண்ணன் போய்ப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பவுடர் முகம் வாடியிருக்கும், பாருங்கள்.

அந்த வருஷம் அந்தப் புது ரோட்டில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. அதில் ஐந்தாம் மாடிக்கு ஒரு மேடம் வந்தார். காது கேட்காதவர்களுக்குக் கருவி விற்கிற கம்பெனி. நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பழைய இடத்தைக் காலி செய்ய மாசக் கடைசி வரைதான் கெடு. அவசரம். அதே நேரம் பார்த்து அண்ணனின் பெண்ணுக்கு விஷக் காய்ச்சல். எட்டு நாள் ஆஸ்பத்திரி. குழந்தை கண் திறக்கவில்லை. பவுடர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கேன்டீனில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். அண்ணியிடம் ஆறுதல் சொன்னான். அப்புறம் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நீ பாப்பாவப் பாரு. அஞ்சாம் மாடிய நான் அந்த வாட்ச்மேன வச்சு அளந்துக்கறேன். ஒரே ஒரு தாள்ல மட்டும் கையெழுத்து போட்டுக் குடு. அளவ நான் எழுதிக்கறேன். நீ இல்லன்னா அந்த மேடம் ஒத்துக்க மாட்டாங்க."

வெற்றுத் தாள். ஒரே ஒரு தாள். அண்ணன் போட்டார். குழந்தை கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது யாருக்குப் புத்தி வேலை செய்யும்? நீங்கள் போட மாட்டீர்களா? நான் போட்டிருப்பேன்.

குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தது. மூன்று வாரம் போனது. ஒரு நாள் அண்ணன் காலையிலிருந்து ஊரின் அந்தக் கோடியில், ஒரு குடோனை மூன்று பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு போன். மேடம் ஆபீஸுக்கு அறை தடுக்கிற கார்பென்டர்.

"சார், நீங்க குடுத்த அளவுக்குத்தான் ஏழு கேபினும் அறுத்துக் கொண்டாந்தேன். ஆறு நிக்குது. ஏழாவது நிக்கல. ரெண்டடி குறையுது சார்."

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"அறுபத்திரெண்டு. கையெழுத்து உங்களுதுதான் சார். அதனாலதான் நான் திரும்ப அளக்கவே இல்ல."

அண்ணன் பவுடருக்கு போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். ஆறு தடவை. ஏழாவது தடவையும் அதேதான். அவன் வீட்டுக்கு எதிரே ஒரு நிமிஷம் பைக்கை நிறுத்தினார், கதவு பூட்டியிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பில்டர் பக்கம் பவுடர் போய்ப்போய் உட்கார்ந்தது, எட்டு மாடியையும் வாடகைக்கு விடுவது இனி அவன் ஒருத்தன் கையில்தான் என்று யாரோ சொன்னது, இவர் சிரித்து ஒதுக்கியது... எல்லாம் வரிசையாக வந்தது. குழந்தை படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டு வாங்கிய கையெழுத்து. அதில் பொய் எழுதியிருக்கிறான். கோபம்கூட இல்லையாம். நெஞ்சு காலியாகிவிட்டது என்றாராம்.

அப்படித்தான் ஆறே முக்காலுக்கு அந்த ரோட்டில் போனார்.

கட்டடத்து வாசலில் தகரக் கொட்டகை. ராத்திரி வாட்ச்மேன் அப்போதுதான் டியூட்டிக்கு வந்திருந்தார். மழைச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை.

"பவுடர் வந்தானா?"

"நான் இப்பதான் வந்தேன் சார். மேல யாரோ நடக்கறாங்க. அவரா இருக்கும்."

கரண்ட் இல்லை. படிக்கட்டில் ஏறினார். ஒன்று... இரண்டு... மூன்று. ஈர ஷூ ஒவ்வொரு படியிலும் சதக், சதக் என்றது. ஈரச் சிமெண்ட் வாடை. பெயிண்ட் வாடை. நான்காம் மாடி திரும்பியதும் அதோடு இன்னொரு வாசனை சேர்ந்தது. முகப்பவுடர்.

ஐந்தாம் மாடி. முழு ஹாலும் இருட்டு. இந்தப் பக்கம் லிஃப்ட் சுவர். அந்தக் கோடியில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. அதற்கு வெளியே மழை. நிறுத்திய ஆறு தடுப்புகள் ஓரமாக வரிசையாக நின்றன. கண்ணாடி ஓரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். அந்த முழங்கை மடக்கி நிற்கிற நிற்பு... பவுடரேதான்.

"எத்தன தடவடா கூப்பிடறது? போன எதுக்குடா ஆஃப் பண்ணி வச்சிருக்க?"

மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"அந்தத் தாள்ல என்னடா எழுதின? என் பாப்பா படுத்துக் கெடந்தப்ப வந்து வாங்கிட்டுப் போனியே, அதுல என்ன எழுதின?"

மழை... மழை மட்டும். அப்புறம் மெதுவாக, பக்கத்தில் இருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"சந்தேகமா இருந்தா அளந்து பாரு. நான் புடிக்கறேன்."

அண்ணன் பையிலிருந்து டேப்பை எடுத்தார். முனை வளையத்தைத் தரையில் வைத்து அந்தப் பக்கம் தள்ளினார். அது சறுக்கிக்கொண்டு போய்ப் பாதியில் நின்றது. அப்புறம் சர்ர்ர்... என்று தானாகப் போக ஆரம்பித்தது. அவன் குனிந்து எடுத்து இழுத்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தார். காலடிச் சத்தம் கேட்டதா என்று பின்னால் தோழி கேட்டிருக்கிறாள். யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றாராம்.

"புடிச்சிட்டேன்."

அண்ணன் லிஃப்ட் சுவரில் டேப்பை ஒட்டினார். போன் வெளிச்சத்தைக் காட்டினார். அறுபத்திரண்டு. டேப் விறைப்பாக நின்றது. கொஞ்சமும் தொய்வு இல்லை.

நம்பவில்லை. நான்கு தடுப்பு தள்ளி நின்று இன்னொரு தடவை. "புடிச்சிட்டேன்." அறுபத்திரண்டு. கடைசியாக ஹாலின் மூலையில். "புடிச்சிட்டேன்." அறுபத்திரண்டு.

அங்கேதான் அவர் உடைந்து போனார். பதினான்கு வருஷச் சிநேகிதன். ஒரு கார்பென்டர் ஏதோ தப்பாக அறுத்துவிட்டுச் சொன்ன பேச்சை நம்பி, ஒரு சாயங்காலம் முழுக்க அவனைத் துரோகி என்று மனசுக்குள் திட்டியிருக்கிறார். அந்த இருட்டிலேயே அழுதாராம்.

"மன்னிச்சிடுடா. உன்னப் போய் சந்தேகப்பட்டுட்டேன்."

பிறகு...

"கையெழுத்து போட்டுடு."

அவ்வளவுதான் சொன்னது. அண்ணன் புதுத் தாள் எடுத்தார். மூன்று அளவையும் தன் கையால் எழுதினார். தேதி, நேரம்... ஏழு இருபத்தைந்து. அளந்தவர் இடத்தில் கையெழுத்து. ஹாலுக்கு நடுவில் ஒரு பெயிண்ட் டிரம் கிடந்தது. அதன் மேல் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு, "நீயும் போடு" என்று சொல்லி, திரும்பி வந்து டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் தாளில் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார். டேப் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசி இரண்டு அடி மட்டும் கையில் ஜில்லென்று பட்டது. ஈரம். சொட்டச் சொட்ட ஈரம். தரையில் எங்கேயோ தண்ணீர் கிடந்திருக்கும் என்று வேட்டியில்... இல்லை, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். திரும்பினார். பவுடர் இல்லை. கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டான் என்று நினைத்தார். நியாயம்தானே என்று தாளை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏன் டிரைவரே, சிரிப்பு நின்றுவிட்டது? இருங்கள்.

நேராக மேடத்தின் பழைய ஆபீஸுக்குப் போனார். எட்டே கால். அந்த அம்மாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இவர் நனைந்து போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாளை நீட்டினார்.

"மேடம், நானே இப்பதான் அளந்துட்டு வரேன். மூணு தடவ. அறுபத்திரெண்டுதான். உங்க கார்பென்டர் தப்பா அறுத்திருக்காரு. இது என் வார்த்த."

மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்க வார்த்த போதும் சார். ஆனா புடிச்சவர் கையெழுத்து போடலயே?"

அந்த இடம் காலி. வெள்ளையாக இருந்தது. அண்ணன் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பவுடரின் மனைவி.

மூன்றேகாலுக்கு. மதியம் மூன்றேகாலுக்கு, புறவழிச் சாலையில், நின்றுகொண்டிருந்த லாரிக்குப் பின்னால் பவுடரின் கார் சொருகிவிட்டது. போன் நொறுங்கிப் போனதால் யார் எவர் என்று கண்டுபிடிக்கவே சாயங்காலம் ஆகியிருக்கிறது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டியது ஏழு மணிக்கு. உயிர் அந்த இடத்திலேயே போய்விட்டது என்றார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஐந்தாம் மாடியில் எல்லோரும் கூடினார்கள். மேடம், கார்பென்டர், பில்டரின் ஆள் ஒருவன், அண்ணன். வெயில் அடித்தது. கார்பென்டர் வளையத்தைக் கண்ணாடியில் வைத்தார். மேடம் குனிந்து அந்த முனையைத் தன் கண்ணால் பார்த்தார். அண்ணன் லிஃப்ட் சுவரில் படித்தார். அறுபது. இன்னொரு தடவை. அறுபது. மூலையில். அறுபது.

அண்ணன் கண்ணாடி வரை நடந்து போனார். நெற்றியை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தார். ஒரு திட்டு இல்லை, கம்பி இல்லை, சாரம் இல்லை. நேரே கீழே, ஐந்து மாடி தள்ளி, தரை. அறுபத்திரண்டு அடி என்றால் முனையைப் பிடித்த கை கண்ணாடிக்கு வெளியே, இரண்டு அடி தள்ளி, மழையில் இருந்திருக்க வேண்டும்.

பில்டரின் ஆள் தோளைக் குலுக்கினான். "எங்களுக்கு ஒன்னும் தெரியாது மேடம். நாங்க அவர் குடுத்த அளவத்தான் போட்டோம்." எப்படி நழுவுகிறான், பார்த்தீர்களா? அளவைக் கூட்டி எழுதச் சொன்னதே அவன் முதலாளிதான்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சார், முதல் தாள்ல தப்பு வந்திருந்தா நான் மன்னிச்சிருப்பேன். நேத்து ராத்திரி என் வாசல்ல வந்து நின்னு உங்க வார்த்தன்னு சொன்னீங்க. யாரு சார் புடிச்சது?"

என்ன சொல்லுவார்? செத்து நாலு மணி நேரம் ஆனவன் பிடித்தான் என்றா? முதல் தாள் ஆஸ்பத்திரியில் போட்ட வெற்றுக் கையெழுத்து என்று சொல்லிப் பிழைத்திருக்கலாம். பவுடர் தலையில் கட்டியிருக்கலாம். இந்த இரண்டாவது தாள் வந்து அந்த வழியையும் அடைத்துவிட்டது. தேதி அவர் கையெழுத்து, நேரம் அவர் கையெழுத்து, நம்பர் அவர் கையெழுத்து.

"யாரும் புடிக்கல மேடம். நான் தனியாத்தான் எழுதினேன்" என்றார்.

போயிற்று. ஒரே வாரம். அந்த ஊரில் இஞ்ச் என்ற பேரே கேலியாகிவிட்டது. எதிரே வருகிற தரகர்கள் கையை அகலமாக விரித்து, "ரெண்டடி இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்களாம். மேடம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். நாற்பது பேரும் ஒரு மாசம் மேடத்தின் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அண்ணனின் தாளை யாரும் வாங்குவதில்லை. அவர் வீட்டோடு கிடந்தார்.

பவுடரை எடுத்த அன்றைக்கு அவர் போகவில்லை. அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"என் கையெழுத்த வாங்கி ஏமாத்தினான். சரி, உயிரோட இருந்தப்ப பண்ணது. செத்த பிறகும் வந்து மிச்சத்தையும் முடிச்சிட்டுப் போயிட்டான். அழ வச்சான், மன்னிப்பு கேக்க வச்சான், அப்புறம் கழுத்த அறுத்தான். அவன் முகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்றாராம்.

எனக்கும் இதைக் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது. பேய் என்றால் பழிவாங்க வரும், ஆசை தீராமல் வரும், மன்னிப்புக் கேட்க வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செய்த துரோகத்தில் பாக்கி வைத்ததை முடிக்க வருமா ஒரு பேய்? அப்படி ஒரு ஈனப் பிறவியா அந்தப் பவுடர் என்று தோழியிடம் கேட்டேன். இன்னும் இருக்கு, முடிக்க விடு என்றாள்.

மூன்று மாசம் கழித்து ஒரு பகல். பவுடரின் மனைவி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். உட்காரவில்லை. காரிலிருந்து எடுத்து வைத்திருந்த பையைப் போலீஸ் அப்போதுதான் திருப்பிக் கொடுத்திருந்தார்களாம். அதிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

அளவுத் தாள். ஐந்தாம் மாடி. அறுபது அடி. மூன்று இடத்திலும் அறுபது. பிடித்தவர் இடத்தில் பவுடரின் கையெழுத்து. தேதி, அவன் செத்த அதே நாள். நேரம், மதியம் இரண்டு நாற்பது.

அளந்தவர் இடத்தில் அண்ணனின் கையெழுத்து.

இரண்டு நாற்பதுக்கு அண்ணன் ஊரின் அந்தக் கோடியில் குடோனில் நின்றுகொண்டிருந்தார். மூன்று பேர் சாட்சி. அவர் வெற்றுத் தாளில் போட்டுக் கொடுத்தது ஒரே ஒரு கையெழுத்து. அது மேடத்தின் ஃபைலில் இருக்கிறது. இது வேறு. நம்பர் எழுதியதும் அவர் கையெழுத்தில், தேதி எழுதியதும் அவர் கையெழுத்தில். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாராம். பேனாவை அழுத்தி எழுதுகிற பழக்கம் அவருக்கு. அந்த மேடு பள்ளம் அப்படியே விரலில் தட்டுப்பட்டது.

யாரிடம் காட்டுவார் அதை? இரண்டு நாற்பதுக்கே அறுபது என்று தெரிந்துவைத்துக்கொண்டு, ஏழு இருபத்தைந்துக்கு அறுபத்திரண்டு என்று எழுதினவர் ஆகிவிடுவார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அழவில்லை. முறைத்துக்கொண்டுதான் நின்றாளாம்.

"மூணு மணிக்கு அவர் எனக்கு போன் பண்ணாரு அண்ணா. கார் ஓட்டிக்கிட்டே அழுதாரு. 'பொய் அளவு எழுதிட்டேன், மனசு கேக்கல, சரியா அளந்து மேடம் கிட்ட ஒத்துக்கலாம்னு கார்பென்டர் சாப்பிடப் போன நேரத்துல தனியா மேல போனேன். போனா, இஞ்ச் எனக்கு முன்னாடியே வந்து நிக்கறான். எல்லாம் தெரிஞ்சு போச்சு அவனுக்கு. லிஃப்ட் பக்கத்து இருட்டுலேயே நின்னான். கிட்ட வரல, முகத்தக் காட்டல. அளந்தான். நான் மன்னிப்பு கேட்டேன். கையெழுத்து போட்டுடுன்னு மட்டும் சொன்னான்'னு சொன்னாரு."

அவள் மேஜை மேல் கிடந்த அந்தத் தாளை விரலால் தட்டினாள்.

"பதினாலு வருஷப் பழக்கம் அண்ணா. தப்பு பண்ணாருதான். நாலு அறை அறைஞ்சிருக்கலாம். ஒரு வார்த்த பேசியிருந்தா அவர் அந்த வேகத்துல வண்டிய ஓட்டியிருக்க மாட்டாரு. ஏன் பேசாம அனுப்பினீங்க?"